லேடிஸ் அறையில் தூசு தட்டிய நாள்

போன மாதம் எங்கள் பழைய அரசாங்கக் கந்தோரிலிருந்து இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் கொக்குவிலில் என் வீட்டுக்கு வந்தார்கள். கந்தோருக்குப் புதிதாக ஒரு மாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறதாம். திறப்பு விழாவுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். இளைப்பாறிய லிகிதர் என்ற முறையில் நான் ஒரு கட்டுரை தரவேண்டுமாம். பொதுசனத்துக்கென்று உள்ளே என்னென்ன வசதிகள் செய்திருக்கிறார்கள் என்று மூத்தவர் விரல் மடித்துச் சொன்னார். குடிதண்ணீர், மின்விசிறி, இருக்கைகள், மலசலகூடம், தாய்மாருக்குத் தனி அறை.

"அந்தக் காலத்திலை உப்பிடி ஒண்டும் இருந்திராது, என்ன ஐயா?" என்று இளையவர் இரக்கத்தோடு கேட்டார்.

"இருந்தது, தம்பி. எல்லாம் இருந்தது. சனம் பாவிக்கிறதுதான் இல்லை" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். சேவை, தியாகம், பொற்காலம் ஆகிய சொற்கள் வருகிற மாதிரி எழுதித் தரும்படி கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சொற்களை எழுதியாகிவிட்டது. இனி நடந்ததை எழுதலாம்.

நான் உத்தியோகத்துக்கு வந்த கதை நீளமானதல்ல. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தேன்; சோதனை பாஸ் பண்ணினேன்; நியமனம் கிடைத்த அன்றே அப்பா என் சாதகத்தைக் கலியாணத் தரகரிடம் கொடுத்துவிட்டார். முதல் வருஷம் கடித உறை ஒட்டப் படித்தேன். இரண்டாம் வருஷம், வாசலில் ஆள் தெரிந்ததும் தலையைக் குனிந்து ஏதோ எழுதுவதுபோல இருக்கப் படித்தேன். அதற்குப் பிறகு பென்சன் வரைக்கும் புதிதாகப் படிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

எந்த ஊர்க் கந்தோர் என்று சொல்லமாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் வேலை செய்வதாகக் கேள்வி. முப்பதுகளில், உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தி, அந்தக் கந்தோருக்கு ஒரு புதுக் கட்டடம் வந்தது. கொழும்பில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் படம் கீறி அனுப்பியது. நாங்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டது என்னவென்றால், அந்த மனிதர் படம் கீறும்போது பொதுசனத்தை நினைத்திருக்கிறார். உயர்ந்த மண்டபம், அதிலே நீள வாங்குகள், சுவரில் மணிக்கூடு, மூலையில் தண்ணீர்க் குழாய், பின்னால் கக்கூசு. மண்டபத்தின் வலது பக்கத்தில் ஓர் அறை. அந்த அறையில் பிரம்புக் கதிரைகள், ஒரு சாய்மனைக் கட்டில், கைகழுவும் தொட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி, யன்னலுக்குத் திரை. வாசலுக்கு மேலே பித்தளை எழுத்தில், ஆங்கிலத்தில், 'லேடிஸ்' என்று பதித்திருந்தது.

வெள்ளைக்காரர் நினைத்ததை எல்லாம் சரிப்படுத்துவதற்கு எங்களிடம் தலைமை லிகிதர் அம்பலவாணர் இருந்தார்.

அம்பலவாணர் கறுத்த கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையும் காதிலே கடுக்கனும் போட்டவர். மேசைக்குக் கீழே சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருப்பார். யாரையாவது ஏசுவதற்கு மாத்திரம் அதை மாட்டிக்கொள்வார். ஆகையால் மேசைக்கடியில் கால் அசையும்போதே எங்கள் பேனைகள் வேகமாக ஓடத் தொடங்கும். அவர் யாருக்கும் எதையும் 'இல்லை' என்று சொன்னதே கிடையாது. "அதுக்கு ஒரு முறை இருக்கு" என்பார். அந்த முறையைப் பின்பற்றி வீடு திரும்பியவர் எவரும் மறுபடி கேட்டு வந்ததில்லை.

வாங்குகளின் வார்னிஷ் காயும்வரை அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கும்படி சொன்னார். வார்னிஷ் ஒரு வருஷத்துக்கு மேலாகக் காய்ந்துகொண்டிருந்தது. மணிக்கூட்டை மண்டபத்திலிருந்து கழற்றி எங்கள் பக்கத்தில் மாட்டினார். சனத்துக்கு நேரம் தெரிந்தால் நாங்கள் வருகிற நேரமும் தெரிந்துவிடுமல்லவா? குழாயைத் திறந்தால் நிலம் ஈரமாகிறது என்று இறுக்கிப் பூட்டினார். கக்கூசில் உடைந்த அலுமாரிகளை அடுக்கினார். பொதுசன வசதிகள் இப்படியாக எந்தச் சேதமும் இல்லாமல் பாதுகாக்கப்பட்டன.

மிஞ்சியது லேடிஸ் அறை. அறையைப் பூட்டி, அதன் திறப்பை அவர் இடுப்பு நாணில் தொங்கவிட்டிருந்தார். சந்தைக்கு வந்த வழியில் காணி, வரி, பிறப்புப் பதிவு என்று கந்தோருக்கு ஏறுகிற பெண்கள் வெளியில் வெயிலில் நிற்பார்கள். வந்த புதிதில், இளரத்தம், நான் ஒருமுறை வாய் திறந்துவிட்டேன்.

"ஐயா, அந்த அறையைத் திறந்துவிட்டால் பெண்டுகள் உள்ளுக்கை இருக்கலாந்தானே?"

மேசைக்கடியில் சப்பாத்து அசைந்தது.

"ஐசே, போர்ட்டை வாசியும். என்ன எழுதியிருக்கு?"

"லேடிஸ், ஐயா."

"ஓம். லேடிஸ். பெண்டுகள் எண்டு எழுதேல்லை."

அன்றிலிருந்து கந்தோர் ஒரு லேடிக்காகக் காத்திருந்தது. மரியாதைப்பட்ட வீட்டுப் பெண்கள் கந்தோருக்கு வருவதில்லை. தங்கள் ஆண்களை அனுப்புவார்கள். கந்தோருக்கு வருகிற பெண்ணோ, வந்துவிட்ட ஒரே காரணத்தால், அம்பலவாணரின் கண்ணில் லேடி ஆகமாட்டாள். அந்த அறைக்குள் கால் வைத்த ஒரே பெண் கூட்டுகிற செல்லிதான். வெள்ளிக்கிழமைகளில் அம்பலவாணர் திறப்பை மேசையில் வைப்பார். அவள் ஒருவரும் இருக்காத கதிரைகளைத் துடைத்து, ஒருவரும் பார்க்காத கண்ணாடியை மினுக்கி, பூட்டித் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள்.

இந்த நிலைமையில்தான் மதலேனாவின் காணி வழக்கு வந்தது.

மதலேனாவின் புருஷன் சவிரிமுத்து கடற்றொழில்காரன். கரையோரத்தில் அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலத்தில் அவன் தகப்பன் காலத்திலிருந்து அவர்களுடைய கொட்டில் நின்றது. அந்த நிலத்தில் சரக்குக் கிட்டங்கி கட்டப் பட்டணத்து முதலாளி சங்கரப்பிள்ளை ஆசைப்பட்டு விண்ணப்பம் போட்டார். குடியிருக்கிறவர்களும் உரிமை கேட்டு எதிர் விண்ணப்பம் போட்டார்கள். விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. அந்த நாளில் குடியிருக்கிறவர் நேரில் வந்து பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லவேண்டும். சொன்னால் விசாரணை நடக்கும். சொல்லாவிட்டால் கோரிக்கை அத்தோடு தள்ளுபடி. நிலம் சங்கரப்பிள்ளைக்கு.

சவிரிமுத்து முல்லைத்தீவுப் பக்கம் கரையில் வாடிக் கொட்டில் போட்டுத் தொழிலுக்குப் போயிருந்தபடியால் விண்ணப்பம் மதலேனாவின் பெயரில் இருந்தது. மதலேனா நிறைமாதம். ஆகவே சவிரிமுத்துவின் தமக்கை அக்கினேசு விசாரணைக்கு முந்தின கிழமையே கந்தோருக்கு வந்தாள். மீன் கடகம் தலையில் சுமந்து ஊரூராய் விற்கிறவள். அவளுடைய குரலுக்குக் கந்தோர்ச் சுவர்கள் போதாது.

"ஐயா, எங்கடை மச்சாளுக்கு இண்டைக்கோ நாளைக்கோ எண்டு இருக்கு. விசாரணை நாளை ஒருக்கால் தள்ளிப் போடுங்கோ. பிள்ளை பிறந்த கையோடை கூட்டிக்கொண்டு வாறன்."

"அதுக்கு ஒரு முறை இருக்கு" என்றார் அம்பலவாணர். "திகதி மாத்தக் கேக்கிற ஆள் தானே நேரிலை வந்து கேக்க வேணும்."

"அவளாலை நேரிலை வர ஏலாதெண்டுதானே ஐயா திகதி மாத்தக் கேக்கிறம்?"

"அதை அவ நேரிலை வந்து சொல்லட்டும்."

அக்கினேசு அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருஷப் படிப்பு.

குறித்த நாளன்று மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். மதலேனா மெலிந்த, சின்ன உருவம். வயிறு மட்டும் தனியாக வந்ததுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தூணைப் பிடித்தபடி மண்டபத்தில் நின்றாள். வார்னிஷ் இன்னும் காயவில்லை. முதலாளி சங்கரப்பிள்ளை சரிகைச் சால்வையோடு எதிரே நின்று அவளைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வழக்குக்குப் பிறகு வேறு அலுவல்களுக்கு இன்னும் பலர் காத்திருந்தார்கள்.

கூப்பிடுகிற நேரம் நெருங்கும்போது மதலேனா தூணோடு சறுக்கி நிலத்தில் இருந்துவிட்டாள். அக்கினேசு குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவளுடைய முகத்தில் சண்டைக்குணம் ஒன்றும் இல்லை.

"ஐயா, தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது" என்று மெல்லிய குரலில் எனக்குச் சொன்னாள். அவளிடம் அப்படியொரு குரல் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "வண்டியிலை ஏத்தினால் வழியிலை பெறுவாள். உந்த அறையைத் திறந்து தாருங்கோ."

"வீட்டை கொண்டு போ, மோளே" என்று சங்கரப்பிள்ளை அன்பாக அறிவுரை சொன்னார். "காணி என்ன காணி? உயிரெல்லோ பெரிசு."

மதலேனா அப்போதுதான் வாய் திறந்தாள். "நான் போகமாட்டன், மச்சாள். பேர் கூப்பிடட்டும். பிறக்கிற பிள்ளையைக் கொண்டுபோய்க் கடலுக்கையோ கிடத்துறது?"

நான் அம்பலவாணரிடம் ஓடினேன். அவர் கூப்பிடுவதற்காகத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சப்பாத்து அசையவில்லை; சரிசெய்த தலைப்பாகையையே மறுபடி சரிசெய்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

"அறையைத் திறக்கிறதெண்டால் ஏசண்டர் துரையின்ரை உத்தரவு வேணும்" என்றார். "அதுக்கு ஒரு முறை..." பாதியில் நின்றுவிட்டார். அந்த வசனம் அவர் வாயில் பாதியில் நின்றதை நான் கண்டது அன்றைக்குத்தான்.

செல்லி அப்போது விளக்குமாறோடு கதவடியில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டவள்.

"ஐயா, அறை முழுக்கத் தூசாய்க் கிடக்கு" என்றாள். "நான் ஒருக்கால் தட்டிவிடட்டோ?"

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றார் அம்பலவாணர்.

"தூசுக்குக் கிழமை தெரியுமோ, ஐயா?"

அம்பலவாணர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் இடுப்பு நாணிலிருந்து திறப்பை அவிழ்த்தார். மேசையில் வைத்தார், செல்லியின் கையில் கொடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. முறைகளில் அதுவும் ஒன்று.

"நல்லாய்த் தட்டு" என்றார். "கதவைச் சாத்திக்கொண்டு தட்டு. தூசு வெளியிலை வரக்கூடாது."

செல்லி ஓடினாள். அவர் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஐசே, என்ரை தேத்தண்ணிக் கேத்தில் அடுப்பிலை கொதிக்குது. அதையும் கொண்டுபோய் வாசல்லை வையும். சில தூசுக்குச் சுடுதண்ணி நல்லம்."

அக்கினேசு மதலேனாவைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனாள். பித்தளை எழுத்துக்குக் கீழே மூன்று பெண்கள் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். நான் கேத்திலை வைத்துவிட்டு வந்தேன்.

அம்பலவாணர் பெயர் கூப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கோயிலில் தீபம் காட்டுவதற்குக்கூட அத்தனை ஒழுங்கு இராது. முதலில் வாசலில் நின்று தெருப்பக்கம் பார்த்து ஒரு தரம். பிறகு பின்னால் போய் வளவுப்பக்கம் ஒரு தரம். கடைசியாக மண்டபத்தில் நின்று ஒரு தரம். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் விடுவார். மூன்றாவதுக்கும் பதில் வராவிட்டால் 'வரவில்லை' என்று எழுதுவார். எழுதியதை எங்கள் மேலதிகாரி ஏசண்டர் துரையே வந்து கேட்டாலும் மாற்றமாட்டார்.

"சவிரிமுத்து பெண்சாதி மதலேனா!" தெருவில் போன சைக்கிள்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"சவிரிமுத்து பெண்சாதி மதலேனா!" வளவில் காகம் எழும்பியது.

மண்டபத்துக்கு வந்தார். வெற்றிலை மடிக்கிற நேரம் முடிந்தது. அவர் மூக்குத்தூள் டப்பாவை எடுத்தார். தட்டினார். ஒரு சிட்டிகை எடுத்தார். கைலேஞ்சியை விரித்தார். மடித்தார். சங்கரப்பிள்ளை பொறுமை இழந்து செருமினார். லேடிஸ் அறைக்குள் அக்கினேசு ஏதோ அடக்கிய குரலில் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. ஒரு கையெழுத்துக்காகக் கந்தோருக்கு வந்திருந்த முன்பின் தெரியாத ஆண்கள் எல்லோரும் அந்தக் கதவுப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அம்பலவாணர் சாத்திய கதவைப் பார்த்துத் திரும்பி நின்றார். மார்பை நிமிர்த்தினார்.

"சவிரிமுத்து பெண்சாதி மதலேனா!"

உள்ளேயிருந்து ஓர் அலறல் வந்தது. கூரை ஓடு பிரிந்துவிடும் போலிருந்த அலறல்.

அம்பலவாணர் மேசைக்கு நடந்தார். பேனையை மையில் தோய்த்தார். 'வந்திருக்கிறார்' என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

"உது என்ன அநியாயம்!" என்று சங்கரப்பிள்ளை துள்ளினார். "உது பதிலோ? உது கத்தலெல்லோ!"

"உமக்குக் கேட்டதோ?"

"கேட்டது, ஆனால்..."

"கேட்டதெண்டு நீரே சொல்லுறீர். கூப்பிட்ட ஆள் கந்தோருக்குள்ளை இருந்து, கேக்கிறமாதிரி பதில் சொல்ல வேணும். முறை அவ்வளவுதான். என்ன சொல்லிப் பதில் சொல்ல வேணும் எண்டு முறையிலை இல்லை."

சங்கரப்பிள்ளை பதிலுக்கு வாய் எடுத்தார். அந்த நேரம் பார்த்து அறைக்குள்ளிருந்து வேறொரு குரல் வந்தது. மெல்லிய, புதிய, மிகவும் கோபமான குரல்.

அம்பலவாணர் பேனையை வைத்தார். "அது ஆர்?" என்றார். "அவவை நான் கூப்பிடேல்லையே."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. செல்லி கதவை நீக்கித் தலையை நீட்டி, "பெட்டைப்பிள்ளை, ஐயா! தாயும் சுகம்" என்றாள். அம்பலவாணர் தலைப்பாகையைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அன்று மத்தியானம் அவருக்குத் தேத்தண்ணி இல்லை. அதைப்பற்றி அவர் ஒன்றும் கேட்கவும் இல்லை.

சங்கரப்பிள்ளை சும்மா இருக்கிற ஆள் அல்ல. அரசாங்க அறை பிள்ளைப்பேற்றுக் கொட்டிலாகிவிட்டது, வெட்கக்கேடு, விசாரிக்கவேண்டும் என்று துரைக்கு ஒரு பெட்டிசம் அனுப்பினார். துரை நெட்டையான மனிதர். கதவுகளுக்குக் குனிந்து பழகி, நின்றாலும் குனிந்தே நிற்பார். ஒருநாள் காலையில் வந்து இறங்கி நேரே லேடிஸ் அறைக்குப் போனார். அறை பளபளவென்று இருந்தது. செல்லியின் வேலை. அம்பலவாணர் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் பின்னால் போனார்; நான் அம்பலவாணரின் பின்னால். ஒரு பெட்டிசத்தால் ஒருவரின் உத்தியோகம் போவது அந்தக் காலத்தில் பெரிய காரியமல்ல.

துரை ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்த அறையை லேடிகள் பாவிக்கிறார்களா?"

"ஓம், சேர்."

"இதுவரை எத்தனை பேர்?"

அம்பலவாணர் விரல் மடித்து எண்ணினார். "இரண்டு பேர், சேர்."

"இவ்வளவு காலத்துக்கும் இரண்டே பேரா?"

"ஒருவர் வாசலால் வந்தவர், சேர். மற்றவர் உள்ளே வந்த பிறகு வந்தவர்."

துரை அவரைப் பார்த்தார். அப்புறம் சாய்மனைக் கட்டிலைப் பார்த்தார். இருமினார், அது சிரிப்பா இருமலா என்று நாங்கள் பல வருஷம் வாதாடினோம். "இனி இதைப் பூட்டவேண்டாம்" என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் போனார். சில மாதத்தில் காணி அனுமதி மதலேனாவின் பெயருக்கே வந்தது. சங்கரப்பிள்ளை கிட்டங்கியை வேறெங்கோ கட்டினார்.

அறை திறந்து கிடந்தது. சந்தைப் பெண்கள் கடகங்களோடு வந்து கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தார்கள். பிரம்புக் கதிரைகளில் இருந்து ஊர்க்கதை கதைத்தார்கள். அம்பலவாணருக்கு அது பிடிக்கவே இல்லை. கந்தோர் மீன் மணக்கிறது, தூள் மணக்கிறது, சத்தம் தாங்க ஏலாது என்று இளைப்பாறுகிற நாள்வரை முறைப்பட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் திறப்பை மறுபடி இடுப்பில் கட்டவில்லை. இதைவிடப் பெரிய மனமாற்றம் அவரிடம் நடந்ததாக எழுதினால் மலர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். நடக்கவில்லையே, நான் என்ன செய்ய?

பிறகு யுத்தம் வந்தது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. கூப்பன் கொடுக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து உத்தரவு வந்து, லேடிஸ் அறையில் சாய்மனைக் கட்டிலைத் தூக்கி வெளியில் போட்டுவிட்டு மேசைகள் போட்டார்கள். பெண்கள் பழையபடி வெயிலில் வரிசையில் நின்றார்கள். ஜேர்மன்காரனைத் தோற்கடிக்க அது எப்படி உதவியது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கூப்பன் மேசைக்கு மானிப்பாய்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் புதிதாக மாற்றலாகி வந்திருந்தார். தலைமுடிக்கு வாசனை எண்ணெய், சட்டைப்பையில் பேனை, குரலில் அதிகாரம். வந்த இரண்டாம் நாளே சனம் நிற்கவேண்டிய இடத்தில் நிலத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

ஒருநாள் வரிசையில் அக்கினேசு வந்தாள். நரைத்திருந்தாள்; குரல் நரைக்கவில்லை. மதலேனாவுக்குக் காய்ச்சலாம், குடும்பத்துக் கூப்பனை எடுக்க வந்தவள். கையில் தம்பியின் மகளைப் பிடித்திருந்தாள். ஏழெட்டு வயதிருக்கும், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல். வெயிலில் நின்று களைத்த பிள்ளை, முறை வந்து வாசலடிக்கு வந்ததும் அத்தையின் கையை விட்டது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது. நேரே மேசைக்குப் பின்னால் வந்து, வெறுமையாகக் கிடந்த பிரம்புக் கதிரையில் ஏறி இருந்து காலை ஆட்டியது.

"ஏய், இறங்கு!" என்று இளைஞர் எழும்பினார். "பொதுசனம் கோட்டுக்கு அங்காலை! பிள்ளையைப் பிடியும், உது கந்தோர்!"

அக்கினேசு அவசரப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவள் இருக்கட்டும், தம்பி" என்றாள். "அவள் இந்த அறையிலை பிறந்தவள். நீர்தான் மாற்றலாகி வந்தனீர்."